இரண்டாவது அடி

முதல் அடி
தானியக் கிடங்கின் ஏணியடியில் விழுந்தது.
ஒரு நொடி. அதற்கு மருந்தில்லை.
இரண்டாவது அடி
இனிமேல்தான் விழப்போகிறது.
அதற்காகத்தான் என்னை எழுப்பினார்கள்.

பாஹியா பிளாங்கா. ஜூலை மாதத்து உறைபனி.
துறைமுகத்திலிருந்து வந்தவனின்
காதுமடலில், புருவத்தில், கோதுமைத் தூசு.
லியாந்த்ரோ இத்துர்பே, வயது முப்பத்தொன்று,
இடது கண்ணின் பாவை வலதைவிடப் பெரிது.

மண்டைக்குள் என்ன நடக்கிறது
என்று கேட்டாள் யமிலா, அவன் மனைவி.
உடைந்த செல் கத்துகிறது என்றேன்.
கத்துவது குளூட்டமேட்டால்;
சூப்புப் பொட்டலத்தில் ருசிக்குச் சேர்க்கிறார்களே, அதன் உறவு.
ஒரு துளி என்றால் செய்தி.
குடம் குடமாய்க் கொட்டினால்
பக்கத்துச் செல்லின் கதவுகள் திறந்தபடி சிக்கிக்கொள்ளும்,
சுண்ணாம்புச் சத்து உள்ளே பாயும்,
அதுவும் வீங்கும், அதுவும் கத்தும்.
ஏணியிலிருந்து விழாதவையும் இப்படித்தான் சாகும்.

எல்லாம் கேட்டுவிட்டு
எந்த சூப்பு என்றாள்.

தலைக்கு மேலே போன வெள்ளத்துக்குச்
சாணும் முழமும் ஒன்று.
தலைக்குள்ளே ஏறும் வெள்ளம் அப்படியில்லை.
பாதரச மில்லிமீட்டரில் எண்ண வேண்டும்:
பதினெட்டு. இருபத்திரண்டு. இருபத்தேழு.

டாக்டர் ஒசுனா பதினோரு பக்கப் படிவத்தோடு வந்தார்.
அடிபட்ட எட்டு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும்,
மூன்று மணி நாற்பது நிமிடம் போய்விட்டது.
ஒரு பையில் ஹார்மோன்,
இன்னொன்றில் வெறும் சோயா எண்ணெய்க் கொழுப்பு.
இரண்டும் பால்போல் வெள்ளை.
எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது,
எங்கோ ஒரு கணினிக்குத் தெரியும்.

கரு தாங்கும் உடல் சுரப்பது அது.
முன்பின் தெரியாத ஒருவரை
ஒன்பது மாதம் சண்டையில்லாமல் உள்ளே வைத்திருக்கும் ஹார்மோன்.
மண்டையில் அடிபட்ட பெண் எலிகளுக்கு
மூளை குறைவாக வீங்குகிறதே என்று
யாரோ ஒருவர் கவனித்ததில் தொடங்கியது.

யமிலா சிரித்துவிட்டாள், அந்த நேரத்தில்.
"இவனுக்கா?
பிரசவ அறையில் மயங்கி விழுந்தவனுக்கா?"
சிரித்த வாய் மூடுமுன்
கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து இரவுகள்.
கட்டிலின் தலைப்பக்கம் முப்பது பாகை உயரம்.
மாத்தே ஆறிப்போகும், மறுபடி வெந்நீர் ஊற்றுவேன்.
நான்காம் கட்டிலில் ஒரு மோட்டார்சைக்கிள் பையன், பவுத்திஸ்தா.
அவனுக்கும் அதே வெள்ளை.
மூன்றாம் இரவு அவன் பாவைகள் இரண்டும் விரிந்து நின்றன.
பை பாதி மிச்சம்.
குழாயைக் கழற்றியது நான்.

ஆறு மாதம் கழித்துத் தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்விகள்:
தனியாகக் கடைக்குப் போகிறாரா?
ஒரு நாள் முழுக்கத் தன்னைப் பார்த்துக்கொள்வாரா?
முன்பைவிடக் கோபம் வருகிறதா?
போகிறார். பார்த்துக்கொள்வார்.
கடைசிக் கேள்விக்கு யமிலா
கதவைச் சாத்திவிட்டு வந்து பதில் சொன்னாள்.

முடிவு வந்தது: வித்தியாசம் இல்லை.
மெக்னீசியம், ஸ்டீராய்டு, இப்போது இது.
"எலிகளை நிறையக் காப்பாற்றியிருக்கிறோம்"
என்றார் ஒசுனா, கோட்டைக் கழற்றியபடி.

பிறகு பட்டியலும் வந்தது.
லியாந்த்ரோவுக்கு ஏறியது எண்ணெய்.
பவுத்திஸ்தாவுக்கு ஹார்மோன்.

அந்த வாரமே இருவரும் வந்தார்கள்,
ஒரு டஜன் அல்ஃபஹோர், சாக்லேட் பூசியது.
கப்பல் கொடிகளை எல்லாம் நாடு தவறாமல் சொல்கிறான்,
கரண்டியை மட்டும்
"அந்தக் குட்டித் துடுப்பு" என்கிறான்.
மருந்துக்கு நன்றி என்றாள் யமிலா.
நேரத்தோடு கொடுத்தோம் என்றேன்.
அது பொய்யில்லை.

இன்றிரவு குளிர்பெட்டியில் ஒரு புதுப் பெட்டி,
புது எண்கள்.
இந்த முறை திரவத்துக்கு நிறமில்லை.
விளக்கருகே ஒரு குப்பியைத் தூக்கிப் பார்க்கிறேன்:
என் விரல்ரேகை,
கொஞ்சம் பெரிதாக.